படர்தாமரையும் சீமையகத்தியும்: வளையத்தை மட்டும் நம்பலாமா?

படர்தாமரைக்குச் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவது பழைய வைத்தியம். வண்டுகொல்லி என்றும் இதைச் சொல்வார்கள். சித்த மருந்துக் கடைகளில் களிம்பாகவும் கிடைக்கிறது. இலையிலிருக்கும் எந்தப் பொருள் பூஞ்சையைத் தடுக்கிறது?

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து எத்தனாலில் ஊறவைக்கிறார்கள். பூஞ்சையைத் தடுப்பதாகக் கருதப்படும் எமோடின், கிரைசோஃபனால் போன்ற ஆந்த்ரகுயினோன்கள் என்ற தாவரச் சேர்மங்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எத்தனாலில் கரையும். வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் எத்தனாலை ஆவியாக்கினால் கரும்பச்சைப் பசை மிஞ்சும். அதில் சிறிது எடுத்து ஈதரில் கரைத்து, அம்மோனியாக் கரைசல் விட்டுக் குலுக்கினால், பச்சை மேலே ஈதரிலேயே தங்கிவிடும். அடியில் நிற்கும் அம்மோனியா ரோஜாச் சிவப்பாகும். ஆந்த்ரகுயினோன் இருப்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து பூஞ்சை. படர்தாமரைக்கு முக்கியக் காரணமான டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை, அகார் என்னும் கூழ் நிரப்பிய தட்டில் மேலே வெண்பஞ்சாகவும், திருப்பிப் பார்த்தால் அடியில் ஒயின் சிவப்பாகவும் வளரும். மெதுவாக வளர்வதால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூஞ்சை பரப்பிய அகாரில் குழியிட்டு, அந்தப் பசையைக் கரைத்த சாற்றை ஊற்றினால், சாறு வேலை செய்யும் இடத்தில் பூஞ்சை முளைக்காத வளையம் தெரியும்.

செய்திகள் பெரும்பாலும் இந்த வளையத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. நீரை ஒட்டாத பொருள் அகாருக்குள் சரியாகப் பரவாது. வீரியமிருந்தும் வளையம் சிறுத்துவிடும். பசையைக் கரைத்த திரவமே பூஞ்சையைக் கொன்றிருக்கவும் கூடும். அதனால்தான் அந்தத் திரவத்தை மட்டும் ஒரு குழியிலும், டெர்பினாஃபின் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை இன்னொரு குழியிலும் ஊற்றி ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு இல்லாத வளையப் படத்தால் பயனில்லை.

உறுதியான அளவீடு, 96 சிறு குழிகளில் திரவத்தை நிரப்பிச் சோதிக்கும் பிளாஸ்டிக் தட்டில்தான் கிடைக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 512 மைக்ரோகிராம், 256, 128 என்று குழிக்குக் குழி செறிவைப் பாதியாக்குகிறார்கள். பூஞ்சை வளராத மிகக் குறைந்த செறிவு எதுவோ, அதுவே சாற்றின் வீரியத்துக்கு அளவுகோல். வளராத குழியிலிருந்து ஒரு துளியை மருந்தில்லாத அகாரில் இட்டால், பூஞ்சை செத்துவிட்டதா, சும்மா அடங்கிக் கிடந்ததா என்பது தெரிந்துவிடும். பூஞ்சை வளர்ந்தால் குழி கலங்கும்; சாற்றின் நிறம் அந்தக் கலங்கலை மறைப்பதால், எந்தக் குழியில் வளரவில்லை என்பதைக் கண்ணால் கணிப்பது சிரமம்.

இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு மசியாத படர்தாமரை பரவிவருவதால் இத்தகைய தேடலுக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. ஆனால் பூஞ்சையின் செல், பாக்டீரியாவின் செல்லைவிட நம்முடையதற்கு நெருக்கமானது. ஆகவே இதே சாற்றை மனிதத் தோல் செல்கள்மீதும் விட்டுப் பார்க்கிறார்கள். பூஞ்சை சாகும் அளவிலேயே தோல் செல்லும் செத்தால், அந்தச் சாறு மருந்தாகாது.