32 ஜிபி இருந்தும் இடமில்லை: நோக்கியா என்97-இன் உள்ளே

2009-ல் நோக்கியா என்97 வந்த புதிதில், கோயம்புத்தூர் காந்திபுரம் செல்போன் கடைகளில் அதைக் கையில் வாங்கியவர்கள் திரையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் தள்ளித்தான் பார்த்தார்கள். பாதி தூரம் கட்டைவிரல் தள்ளினால் போதும். அதுவரை அமுங்கிக்கொண்டே வரும் ஸ்பிரிங், நடுப்புள்ளியைத் தாண்டியதும் விரிந்து மிச்ச தூரத்தைத் தானே தள்ளிவிடும். சடக்கென்று திரை நகர்ந்து சாய்வாக நிற்கும். அடியில் மூன்று வரிசைக் கீபோர்டு. 3.5 அங்குலத் தொடுதிரை, 5 மெகாபிக்சல் கேமரா, 32 ஜிபி சேமிப்பு என்று அந்த வருடத்துக்கு ரொம்பவே கனமான பட்டியல்.

சரி, தொடுதிரைதான் இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கீபோர்டு? இரண்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்காகச் செய்தது என்று விளம்பரம் சொல்லும். என் கணக்கில், அந்தத் திரையை நம்பி வேகமாக டைப் அடிக்க முடியாது என்பதுதான் பெரிய காரணம்.

என்97-இல் இருந்தது ரெசிஸ்டிவ் வகைத் திரை. மேலே வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் தாள், கீழே ஒரு கண்ணாடி. இரண்டின் உட்பக்கமும் இண்டியம் டின் ஆக்சைடு பூசியிருக்கும். ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும் பூச்சு அது. இரண்டு பூச்சும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்திருப்பார்கள். விரலால் அழுத்தும்போது மேல்தாள் குழிந்து கீழ்ப்பூச்சைத் தொடும்.

எங்கே தொட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு தாளின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே மூன்று வோல்ட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தாள் முழுக்க மின்தடை சீராக இருப்பதால் ஒரு ஓரத்தில் பூஜ்யம், நடுவில் ஒன்றரை, மறு ஓரத்தில் மூன்று என்று வோல்ட்டேஜ் படிப்படியாக ஏறும். தொட்ட இடத்தில் மற்றத் தாள் ஒரு வோல்ட் காட்டினால், விரல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. அடுத்த நொடித்துளியில் மேலும் கீழுமாக இதையே அளந்தால் இன்னொரு அச்சும் கிடைத்துவிடும். எளிமையான, விலை குறைந்த ஏற்பாடு.

இதில் திரை எதிர்பார்ப்பது அழுத்தத்தை மட்டும்தான். அழுத்தியது விரலா, நகமா, பேனா மூடியா என்று அது கேட்பதில்லை. திருப்பூர் சாயப்பட்டறையில் ரப்பர் கையுறை போட்டவர் கையுறையைக் கழற்றாமலே போனை எடுத்துப் பேசலாம். பட்டறையில் கிரீஸ் பட்ட கையோ, ஈரோட்டு மண்டியில் மஞ்சள் தூள் ஒட்டிய கையோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். இன்றைய போன்களுக்கு இந்தத் தாராளம் கிடையாது.

ஆனால் டைப் அடிக்கப் போனால் அதே குணம் தொல்லையாகிவிடும். விரலின் சதைப்பகுதி லேசாகப் பட்டால் தாள் குழியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கொஞ்சம் அமுக்க வேண்டும், இல்லையென்றால் நகத்தால் குத்த வேண்டும். இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் பட்டால், சாதாரண ரெசிஸ்டிவ் திரை இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். வேகமாக அடிப்பவர்களுக்கு ஒரு விரல் எழுவதற்குள் அடுத்தது விழுந்துவிடும் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். போதாக்குறைக்கு, மேலே கூடுதல் அடுக்குகள் இருப்பதால் திரையின் வெளிச்சமும் குறையும்.

இன்றைய போன்களில் இருக்கும் கெப்பாசிட்டிவ் திரை வேறு மாதிரி. கண்ணாடிக்கு அடியில் கம்பிவலை போல மின்பாதைகள் இருக்கும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பக்கத்தில் வந்தாலே அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் சிப் தேடிப் பிடிக்கிறது. அமுக்கவே வேண்டாம். தடித்த ரப்பர் கையுறை போட்டால் பெரும்பாலும் தெரியாது. ஈரக்கை என்றால் குழம்பும். முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீம், 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது இந்தத் திரையோடுதான் வந்தது. இருந்தும் அதிலும் தள்ளும் கீபோர்டுதான். காரணம், திரையில் தோன்றும் கீபோர்டை ஆண்ட்ராய்டு அப்போது எழுதியே முடிக்கவில்லை, 2009-ல் 1.5 பதிப்பில்தான் அது வந்தது.

கீபோர்டுக்குள் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே குப்புறக் கவிழ்த்த மெல்லிய உலோக மூடி ஒன்று இருக்கும். அமுக்கினால் அது சட்டென உள்வாங்கி, அடியில் இருக்கும் இரண்டு தடங்களை இணைக்கும். விட்டால் துள்ளி மேலே வரும். விரலுக்குத் தெரியும் அந்த 'டிக்' அதன் துள்ளல்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி வயர் கிடையாது. உதாரணத்துக்கு 6 வரிசை, 7 பத்தி என்று கட்டம் போட்டால் 13 தடங்களிலேயே 42 பட்டன்களைக் கவனித்துவிடலாம். மூடிகளுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பதால், பல்லடம், சோமனூர் பக்கத்துத் தறிக்குடோன் பஞ்சு இடுக்கில் புகுந்தாலும் தொடர்புப் புள்ளி வரை போகாது. என்97-இல் ஸ்பேஸ் பட்டனை நடுவில் வைக்காமல் வலப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதை வடிவமைத்தவர் தினமும் நீளமாக மெசேஜ் அடிப்பவராக இருந்திருக்க வாய்ப்பில்லை.

தள்ளும் போன்களின் பலவீனம் பட்டனில் இல்லை. மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவே ஓடும் பட்டையில் இருக்கிறது. அதை ரிப்பன் என்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் தலைமுடியை விட மெல்லிய செம்புத் தடங்கள். திரைக்குப் போகும் படமும் மின்சாரமும் அது வழியாகத்தான் போகும். திறக்கும்போதும் மூடும்போதும் அது ஒரே இடத்தில் மடங்கி நிமிரும். கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: செம்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் அந்த இடம் இறுகும், இறுகினால் விரிசல் விடும். ரிப்பனிலும் நடப்பது அதே உலோகக் களைப்புதான். மூடினால் படம் வரும், திறந்தால் திரை வெளுக்கும் என்று ஒரு ஸ்லைடர் போனை நீட்டினால், "ரிப்பன் போயிருச்சுங்க. ஒரு நாளைக்கு எத்தன தடவ தள்ளறீங்க, தாங்குமுங்களா?" என்பார் சர்வீஸ் கடைக்காரர்.

இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடிய தேய்மானம். என்97-ஐக் கவிழ்த்தது வேறொன்று. 32 ஜிபி கொண்ட போன், நினைவகம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கும். வாங்கியவர்கள் உலகம் முழுக்க இதைச் சொல்லித்தான் புலம்பினார்கள்.

அந்தப் போனில் நினைவகம் மூன்று இடங்களில் இருந்தது. பாட்டும் படமும் வைக்கும் 32 ஜிபி ஒரு பக்கம், அதற்கு இ டிரைவ் என்று பெயர். சிம்பியன் இயங்குதளம் தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்ட சி டிரைவ் இன்னொரு பக்கம்; அதில் நமக்கு மிஞ்சியது 100 எம்பிகூட இல்லை. மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளுக்கான ரேம், 128 எம்பி. ஏக்கர் கணக்கில் தோட்டம் இருந்தாலும் சமையல் நடப்பது அடுப்படியில்தானே. செயலியை இ டிரைவில் நிறுவச் சொன்னாலும், நிறுவும்போது விரிக்கும் தற்காலிகக் கோப்புகள், பிரவுசரின் மிச்சம் மீதி எல்லாம் சி டிரைவிலேயே போய் விழும். மெசேஜ்களும் நாமாக இடம் மாற்றாதவரை அங்கேதான் சேரும். தோட்டம் காலியாகக் கிடக்கும், அடுப்படி நிரம்பி வழியும்.

ரேம் கதையும் அப்படித்தான். போன் எழுந்து நிற்கும்போதே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். முகப்புத் திரையில் வானிலை, செய்தி, ஃபேஸ்புக் என்று விட்ஜெட்டுகளை, அதாவது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சின்னப் பெட்டிகளை, அடுக்கும் வசதியைப் பெருமையாகக் காட்டினார்கள். அவை ஒவ்வொன்றும் மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றன. கனமான ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால், பின்னால் ஓடிக்கொண்டிருந்த செயலியை இயங்குதளமே மூடிவிடும். பயன்படுத்துபவருக்கு அது போன் தானாக எதையோ அணைத்தது போல இருக்கும்.

அடுத்து வேகம். திரையில் 360-க்கு 640 என்று மொத்தம் 2,30,400 புள்ளிகள். பட்டியலை வழுக்கிக்கொண்டு போக வினாடிக்கு 30 தடவை திரையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் 69 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 434 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் தன் மற்ற வேலைகளுக்கு நடுவே இதையும் தனியாகச் செய்தது. கிராஃபிக்ஸுக்கென்று தனிச் சிப் கிடையாது. 2007-ல் நோக்கியாவே விட்ட என்95-இல் அது இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 2009 அக்டோபரில் வந்த 2.0 மென்பொருள், விரலை எடுத்த பிறகும் பட்டியல் தானாக ஓடி நிற்கும் வசதியைக் கொண்டுவந்தது. மென்பொருளை மாற்றி அனுப்பலாம், ரேமைக் கூட்டி அனுப்ப முடியாதே.

நம் ஊரில் இன்னொரு தடையும் இருந்தது. போனில் 3ஜி உண்டு. ஆனால் தனியார் நிறுவனங்களுக்கான 3ஜி ஏலமே 2010-ல்தான் நடந்தது. அதனால் தனியார் சிம் போட்டவர்கள் அதுவரை எட்ஜ் எனும் 2ஜி இணைய வேகத்தில்தான் அந்த விட்ஜெட்டுகளை ஓட்டினார்கள்.

வீட்டு மேசை டிராயரில் இன்னும் ஒரு என்97 கிடந்தால் முதலில் பின்மூடியைக் கழற்றி பிபி-4எல் பேட்டரியைப் பாருங்கள். ஊதியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம், மின்குப்பை சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். நன்றாக இருந்தால், நானோ சிம்முக்கு அடாப்டர் வாங்கி 2ஜி கிடைக்கும் இணைப்பைப் போடலாம். பேசலாம், எஸ்எம்எஸ் அடிக்கலாம். இன்றைய வலைத்தளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறை அந்தப் பிரவுசருக்குத் தெரியாது என்பதால் பெரும்பாலான பக்கங்கள் திறக்காது. கேமராவின் தள்ளும் மூடியைத் திறக்கும் முன் ஊதித் துடைத்துவிடுங்கள். முதலில் வந்த போன்களில் மூடிக்கும் லென்ஸுக்கும் நடுவே சிக்கிய தூசிதான் கண்ணாடியைக் கீறியது. பஞ்சு கீறாது. மண்துகள் கீறும்.