பலிக்கடாவும் போக்காடும்

சோழிங்கநல்லூரில் இரவு ஷிப்ட் பார்க்கும் என் அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். அமெரிக்கக் குழுவோடு வேலை செய்து செய்து பேஸ்பால் பித்து பிடித்துவிட்டது அவனுக்கு. தொடர்ந்து தோற்கும் ஓர் அணியைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தான்.

"மாமா, அடுத்தவங்க தப்புக்குப் பழி சுமக்கிறவனை இங்கிலீஷ்ல ஸ்கேப்கோட்னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ல பலிகடாதானே?"

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கடந்து வந்திருப்பேன். ஆனாலும் "யாரைச் சொல்றே?" என்று கேட்டேன்.

"மேனேஜரைத்தான். டீம் தோத்துக்கிட்டே இருக்குன்னு தூக்கிட்டாங்க."

"அப்ப அந்தச் சொல் சரிப்படாதுடா."

பலி வடமொழிச் சொல். படையல் என்பதுதான் அதன் பழைய பொருள்களில் ஒன்று. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் கொடிமரத்தருகே இருக்கும் பலிபீடத்தில் வைப்பது சோறும் பூவும்தான், ரத்தம் இல்லை. கடா, ஆட்டுக்கும் எருமைக்கும் ஆண்பால். ஊர்ப்பக்கம் கிடா என்பார்கள். பலிக்கு உரிய கடா என்று விரிவதால் நடுவில் க் மிகும். பலிக்கடா என்பதே சரி; செய்தித்தாள்கள் அந்த க் எழுத்தை விழுங்கிவிடுகின்றன.

அந்தக் கடாவை நான் சிறுவயதில் எங்கள் குலசாமி கோயிலில் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தலையில் மஞ்சத்தண்ணி தெளித்தார்கள். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்குவரை வழிந்தது. அது உடம்பைச் சிலிர்த்து உதறும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உதறியது, சாமி உத்தரவு கொடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த நொடி அரிவாள். பலிக்கடா திரும்பி வராது. அந்தச் சொல்லுக்குள் இருப்பது சாவு.

ஸ்கேப்கோட்டின் கதை வேறு. 1530இல் வில்லியம் டிண்டேல் எபிரேய வேதத்தை ஆங்கிலமாக்கியபோது உண்டாக்கிய சொல் அது. தப்பிப் போகும் ஆடு என்று பொருள். அந்த வேதத்தின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று பலியாகிறது. மற்றதன் தலையில் தலைமைக் குரு ஆரோன் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். ஸ்கேப்கோட் இந்த இரண்டாவது ஆடு. நாமோ முதல் ஆட்டின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டோம்!

நம் தமிழ் வேதாகமம் இதில் ஏமாறவில்லை. இரண்டாவது ஆட்டுக்கு அது வைத்த பெயர் போக்காடு. சாக்காடு, நோக்காடு போலப் பிரித்துவிடக் கூடாது. இது போக்கு, ஆடு. போகவிட்ட ஆடு. இவ்வளவு கச்சிதமான சொல் தேவாலய வாசிப்போடு நின்றுபோனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

பேஸ்பாலில் போக்காட்டுக்கு 1988ஆம் ஆண்டு பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியைச் சொல்லலாம். முதல் 6 ஆட்டமும் தோற்றதும் மேனேஜர் கால் ரிப்கென் சீனியரை நீக்கினார்கள். அவருடைய மகன்கள் இருவர் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீக்கியவர் இடத்துக்கு ஃபிராங்க் ராபின்சன் வந்தார். அணி மேலும் 15 ஆட்டம் தோற்று, 21 தொடர் தோல்வியில் போய் நின்றது. பருவம் முடிகையில் 54 வெற்றி, 107 தோல்வி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முந்தைய ஆண்டே 95 தோல்வி கண்ட அணி அது. 6 ஆட்டத்தில் ஒருவர் கெடுத்ததில்லை.

இங்கே 'மேலாளர்' என்று பெயர்த்தாலும் குழப்பம்தான். பேஸ்பால் மேனேஜர், வீரர்களைப் போலவே சீருடை போட்டு உட்கார்ந்து, யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து வீசுபவரை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்பவர். நம் கணக்கில் தலைமைப் பயிற்சியாளர். ஆட்களை வாங்குவதும் விற்பதும் ஜெனரல் மேனேஜர். பணப்பையைப் பிடித்திருப்பவர் உரிமையாளர். அணி சரியில்லையென்றால் கேள்வி அந்த இருவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வீரர்கள் எல்லோரையும் மாற்றுவதைவிட ஒருவரை அனுப்புவது சுலபம்.

சேப்பாக்கத்துக்காரர்களுக்கும் இது தெரியும். 2022 ஐபிஎல்லில் சென்னை அணி 8 ஆட்டத்தில் 6 தோற்றதும் ஜடேஜா கேப்டன் பொறுப்பைத் தோனியிடம் திருப்பிக் கொடுத்தார். அணி 10இல் 9ஆம் இடம். அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் அதே ஜடேஜா.

ரிப்கெனும் 1989இல் அதே ஓரியோல்ஸுக்குப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். பலிக்கடாவாக இருந்தால் முடியுமா?

"தலைப்புல போக்காடுன்னு போட்டா புரியுமா மாமா?" என்றான்.

"முதல் பத்தியில ஒரு வரி விளக்கிடு. உள்ளே வர்ற இடத்துலெல்லாம் 'பழி சுமந்தவர்'னு எழுது."

மறுநாள் அனுப்பிய பிரதியில் க் இல்லாத பலிகடா ஒன்று நாலாம் பத்தியில் அப்படியே இருந்தது. அதை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.