எந்த விசாரணை, யார் கேட்ட விசாரணை?

தமிழ்ச் செய்திகளில் "விசாரணை" என்ற ஒரே சொல் நான்கு வேலை பார்க்கிறது. போலீஸ் துப்புத் துலக்குவதும் விசாரணை, கோர்ட்டில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதும் விசாரணை, அலுவலகத்தில் மெமோ கொடுத்து விளக்கம் கேட்பதும் விசாரணை. அமெரிக்க செனட் குழு, நீதிபதி பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்டவரை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதையும் அப்படித்தான் எழுதுகிறோம். 2018 செப்டம்பரில், அதிபர் டிரம்ப் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த பிரெட் கவனா மீது கிறிஸ்டீன் பிளேசி ஃபோர்ட் சொன்ன பாலியல் தாக்குதல் புகார் வெளியானபோது, "செனட் விசாரித்தது, எஃப்.பி.ஐ. விசாரித்தது, ஒன்றும் நிரூபணமாகவில்லை" என்று ஒரு சாரார் புரிந்துகொண்டார்கள். "விசாரணையில் தப்பித்துவிட்டார்" என்றார்கள் மறு சாரார். வழக்கறிஞர்கள் சொல்லும் பொருளில் விசாரணை என்று ஒன்று அங்கே நடக்கவே இல்லை. கவனா குற்றச்சாட்டை முழுமையாக மறுத்தார். உண்மை எது என்று தேடிக் கண்டுபிடிக்கும் அதிகாரமும் கால அவகாசமும் ஒருசேர யார் கையிலும் இருக்கவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயதே கிடையாது. பதவியிலிருந்து இறக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்க வேண்டும். 100 பேரும் வந்திருந்தால் 67 ஓட்டு. இதுவரை அப்படிக் குற்றம் சாட்டப்பட்ட ஒரே உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ். 1805-இல் செனட் அவரை விடுவித்துவிட்டது. நம் ஊர் அனுபவமும் வேறல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வி. ராமசாமி மீதான பதவி நீக்கத் தீர்மானத்தை 1993 மே மாதம் மக்களவையில் 196 பேர் ஆதரித்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் ஓட்டுப் போடாமல் இருந்ததால் அது தோற்றது. உள்ளே போவதற்கு முன் கேட்டால்தான் உண்டு.

முதலில் எஃப்.பி.ஐ.யை எடுத்துக்கொள்வோம். பலரும் இடறுவது இங்கேதான். குற்ற வழக்கில் எஃப்.பி.ஐ. செய்வது புலனாய்வு: அரசு வழக்கறிஞர் மூலம் சம்மன் அனுப்பலாம், ஆவணங்களைக் கட்டாயப்படுத்தி வாங்கலாம், ஒரு நூல் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். பரிந்துரைக்கப்பட்டவரைப் பற்றி அது செய்வது பின்னணிச் சோதனை மட்டுமே. அதைக் கேட்பது வெள்ளை மாளிகை. யாரிடம் பேசலாம், எந்தக் கேள்வியோடு நிறுத்தலாம், எத்தனை நாள் என்ற எல்லையும் அங்கிருந்துதான் வருகிறது. பேச மறுப்பவரை வற்புறுத்த முடியாது. பேசியவர் சொன்னதை எழுதிக் கொடுப்பார்கள். யாரை நம்பலாம் என்ற முடிவு அதில் இருக்காது. ஆகவே "எஃப்.பி.ஐ. அவரைக் குற்றமற்றவர் என்றது" என்று எவராவது சொன்னால், அந்த வாக்கியமே தவறு என்று தைரியமாகச் சொல்லலாம்.

2018-இல் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 28 அன்று செனட்டின் நீதித்துறைக் குழுவில் 11-10 என்று கவனா தேறினார். ஆனால் குடியரசுக் கட்சியின் ஜெஃப் ஃபிளேக், ஒரு வாரத்துக்குள் எஃப்.பி.ஐ. கூடுதல் சோதனை செய்தால்தான் சபையில் என் ஓட்டு என்றார். நடந்தது. 10 பேரிடம் பேசினார்கள். புகார் சொன்ன ஃபோர்டிடமும் புகாருக்கு ஆளான கவனாவிடமும் பேசவில்லை. 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது அனிதா ஹில் சொன்ன பாலியல் தொல்லைப் புகாரில்கூட இருவரிடமும் எஃப்.பி.ஐ. பேசியிருந்தது. 2018 அறிக்கையின் ஒரே ஒரு பிரதி பாதுகாக்கப்பட்ட அறையில் வைக்கப்பட்டு, செனட்டர்கள் முறை வைத்துப் போய்ப் படித்தார்கள். எஃப்.பி.ஐ. திறந்துவைத்த தகவல் தொலைபேசி எண்ணுக்கு 4,500-க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்ததும், அவற்றில் தொடர்புடையவை வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதும் 2021-இல் எஃப்.பி.ஐ. எழுதிய கடிதத்தில்தான் தெரிந்தது. புகார் யாருடைய வேட்பாளர் மீதோ, அவர்களிடமே தகவல் போய்ச் சேர்ந்தது. இதை ஏதோ ஒரு கட்சியின் தந்திரம் என்று மட்டும் பார்ப்பது போதாது. நாளை எதிர்க்கட்சி அதிபரானாலும் இதே குழாய் இதே திசையில்தான் ஓடும்.

அடுத்தது ஃபோர்டும் கவனாவும் குழுவின் முன் பேசிய செப்டம்பர் 27 அமர்வு. அமர்வு என்றே எழுதுவோம். குழுவில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் 11 பேரும் ஆண்கள் என்பதால், அரிசோனாவின் அரசு வழக்கறிஞர் ரேச்சல் மிட்செலை அழைத்து அவர்கள் சார்பில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் 5 நிமிடம். அதன் பின் எதிர்த்தரப்பு செனட்டருக்கு 5 நிமிடம். மறுபடியும் மிட்செல். குறுக்கு விசாரணை செய்த எவருக்கும் இது எப்படி முடியும் என்பது தெரியும்: சாட்சியை ஒரு விவரத்திலிருந்து அடுத்த விவரத்துக்குக் கொண்டுபோக அரை மணி நேரமாவது தேவை. ஐந்து நிமிடத்தில் தொடங்கி நடுவில் அறுந்தால், சாட்சியும் உடையாது, சாட்சியம் உறுதிப்படவும் செய்யாது. கவனாவின் முறை வந்தபோது மிட்செலும் பாதியில் ஓரங்கட்டப்பட்டார். செனட்டர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இருந்த சான்றுகளையும் சேர்த்துப் படிக்க ஆளில்லை. தாக்குதலைப் பற்றிப் பேசியதாக ஃபோர்ட் சொன்ன 2012 மனநல ஆலோசனைக் குறிப்புகள் குழுவின் கைக்கு வரவில்லை. 1982 கோடையில் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது தாக்கினார் என்பது புகார். கவனா தன் அந்தக் கோடைக்கால நாள்காட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்த பெயர்களையும் தேதிகளையும் பொறுமையாகச் சரிபார்க்க யாருக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை. அந்த வீட்டில் இருந்ததாக ஃபோர்ட் சொன்னவர்கள் அப்படியொரு கூடல் தங்கள் நினைவில் இல்லை என்றார்கள். நினைவில்லை என்பது நடக்கவில்லை என்பதற்குச் சமமல்ல. நடந்தது என்பதற்கு வலுச் சேர்க்கவும் செய்யாது.

எந்த அளவுகோல் என்பதும் ஆளுக்கு ஆள் மாறியது. எந்த அரசு வழக்கறிஞரும் இந்தச் சான்றுகளை வைத்து வழக்குப் போட மாட்டார் என்று மிட்செல் குறிப்பு எழுதினார். அது சிறைக்கு அனுப்பும் அளவுகோல். நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்ற சிவில் வழக்கு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, அதையும் புகார் எட்டவில்லை என்றார் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸ். இது வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகம், சந்தேகம் இருந்தாலே போதும் என்றார்கள் எதிர்த்தவர்கள். அரசியல் சட்டம் சொல்வதெல்லாம் செனட்டின் ஆலோசனையும் ஒப்புதலும் வேண்டும் என்பதுதான், அளவுகோலைச் சொல்லவில்லை. அமர்வு தொடங்கும் முன்பே குழு அதை எழுதி அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. முடிவு தெரிந்த பிறகு தேர்ந்தெடுக்கும் அளவுகோல், முடிவுக்குத் தைத்த சட்டைதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முடிச்சு விழுந்திருந்தது: புகார் வந்த பாதை. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனுக்கு ஃபோர்ட் எழுதிய கடிதத்தின் தேதி ஜூலை 30. பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். முதல் கட்ட அமர்வுகள் செப்டம்பர் 4 முதல் 7 வரை நடந்து முடிந்தன. யாரும் இதைக் கேட்கவில்லை. 12-ஆம் தேதி கடிதம் இருப்பது செய்தியானது. அதன் பிறகே அது எஃப்.பி.ஐ.க்குப் போனது. 16-ஆம் தேதி ஃபோர்ட் தன் பெயரோடு வெளியே வந்தார். ஆறு வாரம் கையில் இருந்தது, கடைசியில் ஒரு வாரத்துக்குச் சண்டை.

1991-இலும் அச்சு அசல் இதேதான். ஹில்லிடம் எஃப்.பி.ஐ. பேசியது செப்டம்பர் 23. குழு 7-7 என்று சமமாகப் பிரிந்து பரிந்துரை இல்லாமல் சபைக்கு அனுப்பியது 27. வானொலியிலும் நாளிதழிலும் கசிந்தது அக்டோபர் 6. அவசரமாகக் கூட்டிய அமர்வு 11 முதல் 13. ஓட்டெடுப்பு 15-ஆம் தேதி, 52-48. தன் அனுபவத்தைச் சொல்ல வந்திருந்த ஏஞ்சலா ரைட் என்ற இன்னொரு பெண் கடைசிவரை அந்த மேஜைக்கு அழைக்கப்படவில்லை. அன்று குழுவின் 14 பேரும் ஆண்கள். அந்தக் கோபத்தின் பின்விளைவாக 1993-இல் குழுவில் முதன்முதலாகச் சேர்ந்த இரண்டு பெண்களில் ஒருவர்தான் ஃபைன்ஸ்டைன். ஆள் மாறியும் பாதை மாறவில்லை.

ரகசியம் கேட்டு வரும் புகாரை வைத்திருப்பவர் செய்ய வேண்டியது, பூட்டி வைப்பது அல்ல. பெயர் வெளியே போகாமல் காப்பது ஒன்று, பின்னணிக் கோப்பில் உடனே சேர்ப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். தாமஸ் விவகாரத்துக்குப் பிறகு வேட்பாளரிடம் தனிப்பட்ட விஷயங்களைக் கேட்க மூடிய அமர்வு ஒன்று வழக்கமாகிவிட்டது. அது 2018-இலும் நடந்தது, இந்தப் புகார் பேசப்படாமலே. புகார் சொல்பவரிடமும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வாஷிங்டனில் இந்தக் கடிதம் கசியாமல் இருக்கும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது.

ஓட்டுக் கணக்கு எளிது. கீழமை நீதிமன்ற நியமனங்களுக்கு 2013-லும் உச்ச நீதிமன்றத்துக்கு 2017 ஏப்ரலிலும் விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. சாதாரணப் பெரும்பான்மை போதும். குடியரசுக் கட்சிக்கு 51, எதிர்த்தரப்புக்கு 49. அப்படியானால் நாடே பேசினாலும் முடிவு நாலைந்து பேர் கையில்தான். அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் நவம்பர் 6 நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. டிரம்ப் பெருவாரியாக வென்ற மேற்கு வர்ஜீனியாவில் மறுபடி நின்ற ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்ச்சின் ஆதரித்தார். மறுபடி போட்டியிடாத ஃபிளேக்கால்தான் ஒரு வாரம் கேட்க முடிந்தது. எதிர்த்த குடியரசுக் கட்சியின் லிசா மர்கோவ்ஸ்கி, ஆதரிக்க இருந்தும் மகள் திருமணத்துக்குப் போன சக கட்சிக்காரர் ஸ்டீவ் டெய்ன்ஸுக்காகத் தன் ஓட்டைப் போடாமல் வருகையை மட்டும் பதிந்தார். அக்டோபர் 6, 50-48.

அந்த அமர்வில் கவனா பேசிய விதம், சொன்ன பதில்கள் பற்றி நீதித்துறைக்கு 83 நடத்தைப் புகார்கள் வந்தன. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அவற்றை வேறொரு வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2018 டிசம்பரில் அத்தனையும் தள்ளுபடி. அவை பொய் என்று சொல்லித் தள்ளவில்லை. தீவிரமானவை என்றே குறிப்பிட்டார்கள். நீதிபதிகளின் நடத்தைச் சட்டம் உச்ச நீதிமன்ற நீதிபதிக்குப் பொருந்தாது, அவரோ அதற்குள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகிவிட்டார், அவ்வளவுதான். 2023 நவம்பரில் ஒன்பது நீதிபதிகளும் கையெழுத்திட்டு உச்ச நீதிமன்றத்துக்கென நடத்தை விதிகளை வெளியிட்டார்கள். மீறினால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது என்ற பகுதி அதில் இல்லை.