சாமானை மாற்ற முன்னம் பிழையைக் காட்டச் சொல்லுங்கள்

ஹட்டன் பக்கத்தில் கராஜ் போட்டு 21 வருஷமாகிறது. அதற்கு முன் ஆறு வருஷம் இன்னொரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாக நின்றேன். இவ்வளவு காலத்தில் என்னிடம் வந்தவர்களில் நிறையப் பேர் வேறெங்கோ வாங்கிய எஸ்டிமேட் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, இந்த விலை சரியா?"

கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. விலையில் ஏமாற்றுகிறவர்கள் குறைவு, ஏனென்றால் விலையை நாலு கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும். பெரிய ஏமாற்று நடப்பது அதற்கு முந்திய இடத்தில், "உங்கள் வண்டிக்கு இதுதான் வருத்தம்" என்று சொல்லும்போது. இல்லாத பிழைக்கு நியாயமான விலை சொன்னாலும் அது களவுதான்.

போன வருஷம் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றும் வேன், லீசிங் இன்னும் முடியவில்லை. ஏற்றத்தில் ஹீட் முள் மேலே போகிறது, தண்ணீர் குறைகிறது, அவ்வளவுதான் பிரச்சினை. ஒரு கராஜில் பொனட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும், தண்ணி பம்பும் மாத்தணும்" என்று 1,65,000 ரூபா எழுதிக் கொடுத்திருந்தார்கள். (ஹெட் என்பது எஞ்சினின் மேல் பகுதி, கேஸ்கட் அதற்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் கசியாமல் வைக்கிற தகடு.) மனைவியின் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ சொல்லி என்னிடம் வந்திருக்கிறார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றினேன். அடியில் இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து, ஒரு பக்கம் நகம் அகலத்துக்கு வெடித்திருந்தது. அவரிடமே கொடுத்து விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அந்த மூடியின் வேலை தண்ணீரை மூடிவைப்பது மட்டும் இல்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 பாகைக்கு மேல் போனாலும் கொதிக்காது. மலையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உயரம் கூடக்கூட தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் திறந்த சட்டியில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து, ரிசேவ் டேங்குக்குப் போய், அங்கிருந்து ரோட்டுக்குப் போய்விடும். டிரைவர் பார்ப்பது முள் ஏறுவதையும் தண்ணீர் குறைவதையும் மட்டும்தான்.

புது மூடி போட்டு, கூலன்ட் ஊற்றி, பம்பால் அழுத்தம் கொடுத்து அரை மணித்தியாலம் வைத்துப் பார்த்தோம். பம்பின் அழுத்த முள் அசையவில்லை. அப்புறம் வண்டியை நானே நானுஓயா வரைக்கும் ஏற்றிப் பார்த்தேன். மூடி, கூலன்ட், பார்த்த கூலி எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துக்குள் முடிந்தது. முதல் கராஜ்காரர் வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஹெட்டைக் கழற்றச் சொல்ல முன்னம் அந்த மூடியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஹெட் கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால் அதற்கு அடையாளங்கள் உண்டு, அவற்றை உங்கள் கண்ணுக்குக் காட்டலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். ஒயில் பார்க்கிற கம்பியில் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். இந்தக் கடைசி அடையாளத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியில் ஒயில் சுத்தமாக இருந்து, ஒயில் ஊற்றுகிற மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் அது பெரும்பாலும் கேஸ்கட் இல்லை. குளிரில் வீட்டிலிருந்து டவுனுக்கு ரெண்டு கிலோமீற்றர் ஓட்டி, எஞ்சின் சூடாக முன்னமே நிறுத்தினால் உள்ளே இருக்கிற ஈரம் அப்படித்தான் படியும். அதைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் தூர ஓட்டம் போய்வந்து திரும்பப் பாருங்கள்.

சைலன்சர் புகையும் இதே கதைதான். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிற காலையில் எந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினாலும் வெள்ளைப் புகை வரும். அது ஆவி, நம் வாயிலிருந்து வருகிற மாதிரி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அது நிற்காமல், இனிப்பு வாசத்தோடு வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வது இன்னொரு விஷயத்தில். வண்டி இழுக்கவில்லை என்று கராஜுக்குப் போனால் "கம்பிரஷன் குறைஞ்சிருச்சு, ரிங் மாத்தணும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். (கம்பிரஷன் என்பது சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற அழுத்தம், அது கசியாமல் பிடிப்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்.) நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்கு இழுவையும் குறையும், அதிலும் நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிய சின்ன வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கீழே இறங்கியதும் சரியாகிவிடும். கம்பிரஷன் குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்து இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கேஜ் வைக்காமல் காதால் கேட்டே ரிங் மாற்றச் சொல்கிறவரிடம் எஞ்சினைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

பிரேக் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல பாதையில் பஸ்ஸும் வேனும் திரீவீலும் மோதி ஏழு பேர் செத்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. "பிரேக் சரியில்லை, இப்படியே இறங்கினா பொறுப்பு நான் இல்லை" என்று ஒரு பாஸ் சொன்னால் எதிரே நிற்கிறவர் விலையே கேட்க மாட்டார். அந்தப் பயத்தை வைத்துக் காசு பார்ப்பதைத்தான் இந்தத் தொழிலிலேயே ஆகக் கேவலமான வேலை என்று நான் நினைக்கிறேன். அதற்காகப் பிரேக் வேலையைத் தள்ளிப்போடவும் கூடாது. சில்லைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். புது பிரேக் பெட்டில் தேய்கிற பகுதி பொதுவாக 10 மில்லிமீற்றர் அளவு தடிப்பு இருக்கும், 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான், அதில் பேரம் இல்லை. பாதிக்கு மேல் இருந்தால் அவசரமும் இல்லை.

றம்பொடை இறக்கம் இறங்கி முடிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்று வந்தவர்களுக்கு மாஸ்டர் பம்ப் (பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைத் தள்ளுவது), பூஸ்டர் (மிதிக்கிற பலத்தைக் கூட்டுவது) என்று பெரிய பட்டியல் எழுதப்பட்டதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சில வண்டிகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் ஒயில். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140 பாகைதான் தாங்கும். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும், ஒயில் கொதித்துக் குமிழி உண்டாகும், பெடல் உள்ளே போகும். ஒயிலை முழுக்க மாற்றிக் காற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகும் பெடல் இறங்கினால் மாஸ்டர் பம்பைப் பற்றிப் பேசலாம். (ஒட்டோ கியர் வண்டியில் எல் (L), எஸ் (S), ஹைபிரிட்டில் பி (B) என்று போட்டிருப்பது எதற்கு என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். இந்த இறக்கங்களில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கத்தான்.)

ஹைபிரிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பெட்டரி போய்விட்டது என்றால், வண்டியின் கம்பியூட்டரைப் படிக்கிற ஸ்கேனரில் பெட்டரிக்குள் இருக்கிற ஒவ்வொரு பிளொக்கின் வோல்டேஜையும் காட்டச் சொல்லுங்கள், பெட்டரிக்குக் காற்றடிக்கிற ஃபேன் தூசியில் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கேனர் காட்டுகிற கோட் எந்தப் பக்கத்தில் பிழை என்றுதான் சொல்லும், எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்.

இனி நம் ஆட்கள் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். வண்டியைப் பார்த்து என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்கிற வேலைக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்கள். ஒன்றரை மணித்தியாலம் செலவழித்து மூடிதான் பிழை என்று கண்டுபிடிக்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது, ரெண்டு நிமிஷத்தில் ஹெட்டைக் கழற்றச் சொல்கிறவனுக்குப் பெரிய வேலை கிடைக்கும். அதேபோல் கூலியில் கடுமையாகப் பேரம் பேசுகிறார்கள், சாமான் விலையை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். கூலியில் விட்டதைச் சாமானில் எடுக்க முடியும் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கடையில் மெக்கானிக்குக் கொமிஷன் உண்டு, ஜெனுவின் பெட்டிக்குள் கொப்பி சாமான் வருவதும் உண்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய சாமானைக் கழுவிப் புதுசு என்று போட்டதையும் என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். பார்க்கிற கூலியைத் தனியாகப் பேசிக் கொடுங்கள். பிழை தெரிந்த பிறகு வேலையை அங்கே செய்வதா வேறு இடத்தில் செய்வதா என்பது உங்கள் கையில் இருக்கும்.

விலை கூட என்பதற்காக எல்லாரையும் கள்ளன் என்றும் சொல்லாதீர்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்திலேயே 360 ரூபாவைத் தாண்டியது, வெளியிலிருந்து வருகிற சாமான் விலை அதோடு ஏறியது, அப்புறம் 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் மாற்றியிருக்க வேண்டிய வண்டிகளை எல்லாரும் வருஷக்கணக்கில் இழுத்து ஓட்டினோம், வயதான வண்டிக்கு வேலை வரத்தான் செய்யும். ஹட்டனில் இல்லாத சாமானைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு எடுக்கிற செலவும் இருக்கிறது. இதையெல்லாம் நேர்மையான பாஸ் கேட்டால் விளக்குவார்.

எஸ்டிமேட் கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள். சாமான் ஒவ்வொன்றும் தனி வரியில், ஜெனுவினா கொப்பியா ரீகண்டிஷனா (பழையதைச் சீர்செய்ததா) என்ற விபரத்தோடு, கூலி வேறாக இருக்க வேண்டும். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ எழுதிய தாளை விளங்காமலே தலையாட்டி வாங்கிக்கொண்டு வருகிற நம் சனங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. விளங்கவில்லை என்று சொல்வதில் வெட்கம் இல்லை. போனில் படம் எடுத்து, படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு சரி சொல்லுங்கள். அந்தத் தாளில் இல்லாத வேலை எதையும் உங்களிடம் கேட்காமல் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய சாமானைப் புதுச் சாமான் வந்த பெட்டியோடு திருப்பிக் கேளுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்காமல் சாவியைக் கொடுக்கும்போதே கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கே நிறைய எஸ்டிமேட் குறையும்.

எல்லாம் மீறி ஏமாந்துவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காசுக்குச் சேவை செய்கிறவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், போடுகிற பொருளும் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கராஜுக்கும் அது பொருந்தும். நாளைக் கடத்தாமல் எழுத்தில் கொடுங்கள்.

ஆனால் பில் வேண்டும். ரெண்டு மாதத்துக்கு முன் ஒரு அக்கா வந்தார், கணவர் இறந்த பிறகு அவருடைய திரீவீலை ஆள் வைத்து ஓட்டுகிறார். எஞ்சின் செய்ததாக 80,000 ரூபா வாங்கியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் பழைய பிஸ்டன், பழைய ரிங். முறைப்பாடு எழுத உட்கார்ந்தோம். பில் இல்லை, எஸ்டிமேட் இல்லை, காசு கையில் கொடுத்தது, பேசியதெல்லாம் வாயால். நான் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, கழற்றிய சாமான்களைப் படம் எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பிஸ்டனைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நுவரெலியா பஸ் ஏறினார். பதில் இன்னும் வரவில்லை.