உங்க பையன் முகத்துக்கு மார்க் போடுறது யாரோட அளவுகோல்?

போன வாரம் எங்க பல் கிளினிக்குக்கு இன்னொரு பையன். பிளஸ் டூ முடிச்சிருக்கான், அம்மாவோட வந்தான். பல்லு வரிசை சரியா இருக்கு, கடியில ஒரு குறையும் இல்ல, ஆனா தாடை எலும்பை வெட்டி முன்னாடி நகர்த்தணுமாம். முகத்துக்கு மார்க் போடுற ஒரு ஆப்பைத் திறந்து போனை நீட்டுனான். அவன் போட்டோ மேல பச்சைக் கோடுங்க, கண்ணு ஓரத்துக்கு ஒரு டிகிரி, மூக்கு அகலத்துக்கு ஒரு விகிதம், கீழ பத்துக்கு நாலு மார்க். தாடை ஏறணும்னு கெட்டியான கம்மை மணிக்கணக்கா மென்னு மென்னு காது முன்னாடி மூட்டு வீங்கிருக்கு, வாயைத் திறந்தா கிளிக்குனு சத்தம். அந்த வலியைப் பத்தி அவன் வாயே திறக்கல. "நான் சப்-ஃபைவ் டாக்டர்"னு மட்டும் தரையைப் பாத்துச் சொன்னான், பத்துக்கு அஞ்சுக்கும் கீழன்னு அர்த்தமாம்.

தாடையை மாத்தப் பசங்க நாக்கை மேலண்ணத்துல அழுத்தி வச்சுக்கிறாங்களே, அந்த மியூயிங் பத்தி ஒரே வரி: அப்படி அழுத்துனா வளர்ந்தவங்க எலும்பு நகராது. அந்தப் பேருக்குக் காரணமான பிரிட்டிஷ் டாக்டர் ஜான் மியூவுக்கு 2017ல லைசென்ஸ் போச்சு, மகன் மைக் மியூவை 2024ல அந்த ஊர் டென்டல் கவுன்சில் பதிவேட்டுலேர்ந்தே நீக்கிருச்சு.

எனக்குக் கோவம் வர்றது வேற ஒண்ணுக்கு. "இது சயின்ஸ் சார், வெறும் கணக்கு, இதுல என்ன அரசியல்"னு பசங்க சொல்றாங்க, அப்பாக்களும் சொல்றாங்க. இல்லீங்க. இவங்க முகத்துக்கு மார்க் போடுற பிஎஸ்எல் ஸ்கேலோட பேரே பெண்களை வெறுக்குற மூணு இணைய ஃபோரத்தோட முதலெழுத்து. அதுல ஒண்ணுல கிடந்தவன்தான் 2014ல கலிஃபோர்னியா ஐலா விஸ்டால ஆறு பேரைக் கொன்னான். அவன் அம்மா மலேசியச் சீனப் பெண், தான் முழு வெள்ளையா பொறக்கலையேன்னு தன்னையே வெறுத்தவன். அந்த இடங்கள்ல "வெள்ளையா இருந்தாலே போதும்"னு ஒரு தியரி ஓடுது, நம்மாளுங்களுக்கு "கறிசெல்"னு வசவுப் பேரும் இருக்கு. அவங்க வச்ச ஸ்கேல்ல நம்ம பையனுக்கு எப்படி மார்க் விழும்?

இது புதுசும் இல்ல. நாஜிங்க மூக்கையும் மண்டையோட்டையும் அளந்து இனம் பிரிச்சாங்க. 1938ல ஹிட்லர் வட்டு எறியுறவனோட பளிங்குச் சிலையை இத்தாலிலேர்ந்து வாங்கி மியூனிக்ல வச்சு, இதுதான் உடம்புன்னு ஜனங்களுக்குக் காட்டுனான். இன்னைக்கு அதே மாதிரி கிரேக்கச் சிலையை டிபியா வச்ச அக்கவுன்ட்டு முதல்ல ஜிம் டிப்ஸ் தரும், அப்புறம் "பலவீனமான ஆம்பளைங்க"ன்னு ஆரம்பிக்கும், அப்புறம் குடியேறிகள் மேல வெறுப்பு வரும். அமெரிக்காவுல ராபர்ட் ருண்டோ ஆரம்பிச்சு வச்ச ஆக்டிவ் கிளப்புங்க ஜிம்மு, சண்டைப் பயிற்சின்னு சொல்லியே வெள்ளைக்கார இளைஞர்களை இனவெறிக்குள்ள இழுக்குது.

நம்மளையும் அளந்திருக்காங்க. 1901 சென்சஸ் நடத்துன பிரிட்டிஷ் அதிகாரி ரிஸ்லி, மூக்கு அகலமானா சாதி கீழன்னே எழுதுனாரு. எழும்பூர் மியூசியத்துக்குத் தலைமை தாங்குன எட்கர் தர்ஸ்டன் காலிப்பர்ங்கற அளவுக் கருவியோட நம்ம ஜனங்க மூக்கையும் தலையையும் அளந்தாரு. நம்ம பாட்டன் பூட்டனை நிக்க வச்சு அளந்ததை இப்போ பேரன் தானே செல்ஃபி எடுத்து அளந்துக்கறான், அதான் வயிறு எரியுது.

இன்னொரு விஷயம், எங்க துறைக்காரங்களுக்கும் சேத்துதான். காலேஜ்ல மனப்பாடம் பண்ண ஸ்டைனரோட எஸ்என்ஏ 82, எஸ்என்பி 80, அதாவது மேல் தாடையும் கீழ் தாடையும் எவ்வளவு முன்னாடி இருக்கணும்ங்கற டிகிரி எல்லாம் வெள்ளை அமெரிக்கர்கள் எக்ஸ்ரேலேர்ந்து வந்த நம்பர். நம்மள்ல நிறைய பேருக்கு ரெண்டு தாடையும் கொஞ்சம் முன்னாடிதான் இருக்கும், அது நோய் இல்ல. கேட்டதும் ஆபரேஷனுக்குத் தேதி குடுக்காதீங்க. உருவக் குறை பயம் மனசுல இருந்தா கத்தி வச்சும் அது அடங்காது, அடுத்து மூக்குக்கு வருவான்.

அம்மா அப்பாவுக்கு: "நீ அழகாதான்டா இருக்க"ன்னு சொல்லி முடிச்சிடாதீங்க, ஊர்ல எல்லாரும் கறுப்பு, குண்டுன்னு சொன்ன பிறகுதான் அவன் அந்த ஆப்புக்கே போயிருக்கான். கல்யாண வீட்டுல வச்சு அவன் நிறத்தைப் பேசுறவங்களை அங்கேயே நிறுத்துங்க. யாரைப் பாக்குறான்னு சண்டை போடாம பக்கத்துல உக்காந்து பாருங்க. கண்ணாடி முன்னாடியே மணிக்கணக்கா நின்னா, போட்டோ எடுத்து எடுத்து அழிச்சா, வெளிய போகவே மாட்டேன்னா, பல் டாக்டர் வேண்டாம், மனநல டாக்டர்ட்ட போங்க. சாகணும்னு பேசுனா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்நேரமும் எடுப்பாங்க.

தம்பி, உனக்கு: எலும்பு வளரும்னு சுத்தியல், பாட்டில் எதையும் முகத்துல அடிக்காத. கம்மை இன்னைக்கே துப்பு. மூட்டு வலிக்கு வா, அதை நான் பாக்குறேன்.