அறையைச் சூடாக்குவது எது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஊட்டியில் பொது மருத்துவராக இருக்கிறேன். தீபாவளி முடிந்ததும் இங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்தே தொடங்கும். ஒன்று, தலைக்குந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி. இன்னொன்று, விடுமுறைக்கு வடக்கே பனிச்சறுக்குக்குப் போகிற குடும்பங்கள் கிளினிக்குக்கு வந்து, சளி மாத்திரை, வாந்தி மாத்திரை எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது செல்போனில் ஓட்டல் படத்தைக் காட்டுவது. ஜன்னலைத் திறந்தால் பனிமலை, கேபிள் காருக்கு ஐந்து நிமிட நடை, காலை உணவு இலவசம். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் நான் கேட்பது வேறு. ராத்திரி இந்த அறையைச் சூடாக்குவது எது, அதன் புகை எந்த வழியாக வெளியே போகிறது? இதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. முன்பணம் கட்டிவிட்டுத்தான் என்னிடமே வருகிறார்கள் என்பதால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏன் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்றால், குளிர்காலத்தில் இந்த மலையில் வேலை பார்க்கிற எந்த மருத்துவருக்கும் தெரிந்த ஒரு காட்சி உண்டு. கீழேயிருந்து வந்த குடும்பம், காட்டேஜ் வாசலில் பார்பிக்யூ போட்டிருப்பார்கள், சாப்பிட்டு முடித்த பிறகும் அடுப்பில் கனல் இருக்கும், இவ்வளவு சூடு வீணாகப் போகிறதே என்று அடுப்போடு தூக்கி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை இறுக்கச் சாத்தி, வென்டிலேட்டரில்கூடத் துணியைச் செருகிவிட்டுப் படுத்திருப்பார்கள். காலையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலைவலி, குமட்டல், எழுந்து நின்றால் தள்ளாட்டம். "நேத்து சாப்பிட்ட சிக்கன் சரியில்ல டாக்டர்" என்பார்கள். சிக்கன்தான் காரணம் என்று நானும் நம்பி ஒரு வாந்தி மாத்திரை கொடுத்து அனுப்பினால், அன்றைக்கு ராத்திரியும் அதே அறை, அதே அடுப்பு. அதனால் வாந்தி என்று வருகிறவர்களிடம் சாப்பாட்டை விசாரிக்கும் முன்பே அறையை விசாரிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. 2024இல் கொடைக்கானலில் இப்படித்தான் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவே இல்லை.

காரணம் கார்பன் மோனாக்சைடு. விறகு, கரி, கேஸ், மண்ணெண்ணெய் என எதுவானாலும் போதுமான காற்று கிடைக்காமல் எரிந்தால் இந்த வாயு உண்டாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல்கூட வராது. புகை அடங்கிச் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கிற கரியைப் பார்த்து "இனிமே ஒண்ணும் ஆகாது" என்று நினைக்கிறோம், உண்மையில் அந்தக் கரியிலிருந்துதான் இது நிறைய வருகிறது. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு எல்லா சீட்டையும் ஒருவரே பிடித்துவைத்தால் மற்றவர்கள் ஏறியும் பயனில்லை, அது மாதிரி. விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது வந்து எச்சரிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் இல்லை, தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளம் சுற்றிப் பார்க்கப் போன ஒரு குழுவில், 4 குழந்தைகள் உட்பட 8 பேர் தாமன் என்ற மலையூர் விடுதியில் இறந்துபோனார்கள். எட்டுப் பேரும் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள், உள்ளே கேஸ் ஹீட்டர், கதவும் ஜன்னலும் மூடியிருந்தன. தாமன் ஏறக்குறைய நம் ஊட்டி உயரத்தில் இருக்கிற ஊர்தான். குளிருக்குப் பழகாதவர்கள், அதனால் ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் 3 குழந்தைகளோடு சேர்த்து ஒரே குடும்பத்தில் 5 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அவர்கள் காஷ்மீர்க்காரர்கள், பிறந்ததிலிருந்து அந்தக் குளிரில் வாழ்ந்தவர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், இங்கே பலரும் "நாங்க ஊட்டிக்காரங்க, குளிர் எங்களுக்குப் புதுசா?" என்று கேட்கிறார்கள். குளிர் புதிது இல்லை, சரி. ஆனால் நம் ஊரில் உறைபனி விழுகிற ராத்திரிகூட பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், இரண்டு கம்பளியும் ஒரு ஸ்வெட்டரும் போதும், பெரும்பாலான வீடுகளில் ராத்திரி முழுக்க எதுவும் எரிவதில்லை. பனிச்சறுக்குக்குப் பலரும் போகிற காஷ்மீரின் குல்மார்க்கில் ஜனவரியில் மைனஸ் 10 வரை இறங்கும். அங்கே அறையைச் சூடாக்காமல் படுக்க முடியாது, ஜன்னலைத் திறந்துவைக்கவும் மனசு வராது. போதாததற்கு, குல்மார்க் இருக்கிற 2,650 மீட்டர் உயரத்தில் நாம் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதைவிடக் கால் பங்கு ஆக்சிஜன் குறைவு. ஏற்கெனவே குறைவாக இருக்கிற இடத்தில் இந்த வாயுவும் சேர்ந்தால் உடம்பு தாங்கும் நேரம் குறைந்துவிடும். மலையில் பிறந்தவருக்கும் இதில் சலுகை கிடையாது.

சரி, அங்கே என்னென்ன இருக்கும்? காஷ்மீரில் பல விடுதிகளில் புகாரி என்று ஒரு தகர அடுப்பு, விறகோ கரியோ போட்டு எரிப்பார்கள், அதிலிருந்து ஒரு குழாய் சுவரையோ கூரையையோ துளைத்து வெளியே போகும். குழாய் ஒழுங்காக இருந்தால் ஓரளவு நல்ல ஏற்பாடு. குழாயின் இணைப்பு துருப்பிடித்து விலகியிருந்தாலோ, கூரை மேல் பனி குவிந்து வாயை அடைத்தாலோ எல்லாம் அறைக்குள்ளேயே திரும்பும். அதனால் அதைப் படுக்கும் முன் அணைத்துவிடச் சொல்கிறேன். நான் அதிகம் பயப்படுவது சிலிண்டரைப் பின்னால் வைத்து உருட்டிக்கொண்டு வருகிற கேஸ் ஹீட்டருக்குத்தான். அதற்குக் குழாயே கிடையாது, எரிந்ததெல்லாம் அறைக்குள்தான். படுக்கையறையில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அப்புறம் காங்கிரி, மண்சட்டியில் கனல் போட்டுப் பிரம்புக்கூடையில் வைத்துத் தருவது. அன்போடு கொடுப்பார்கள், உட்கார்ந்து பேசும்போது கை காயவைத்துக்கொள்ளுங்கள், போர்வைக்குள் கொண்டுபோகாதீர்கள். தீக்காயமும் உண்டு, வாயுவும் உண்டு.

வெந்நீர்க் குழாய் வழியாக எல்லா அறைக்கும் சூடு வருகிற, பாய்லர் தனிக் கட்டடத்தில் இருக்கிற விடுதி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதுதான் சிறந்தது. மின்சார ஹீட்டரும் மின்சாரப் போர்வையும் இந்த விஷயத்தில் பாதுகாப்பானவை, எதுவும் எரிவதில்லை. ஆனால் பனிப்பொழிவு அதிகமானால் மின்சாரம் போகும். "கரண்ட் போனா அறைக்கு என்ன கொண்டுவருவீங்க?" இந்தக் கேள்வியை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பகலில் மின்சார ஹீட்டர் வைத்திருக்கிற இடமே நள்ளிரவில் கரிச்சட்டியைக் கொண்டுவந்து வைக்கக்கூடும். ஜெனரேட்டர் உண்டு என்றால் நல்லது, அது எங்கே ஓடுகிறது என்றும் கேளுங்கள், உங்கள் ஜன்னலுக்கு அடியில் ஓடினால் அதன் புகையும் இதே வாயுதான்.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அது அறைக்கு வெளியே சுவரில் மாட்டியிருக்க வேண்டும். உள்ளே இருந்தால் வாளியில் பிடித்து, அணைத்து, காற்றோட்டம் விட்டு அப்புறம் குளியுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று மூடிய குளியலறையில் அரைமணி நேரம் ஷவரில் நிற்பது வேண்டாம்.

முன்பதிவு ஆப்பில் 'ஹீட்டர் உண்டு' என்று மட்டும்தான் போட்டிருக்கும். அதை நம்பி விட்டுவிடாமல் விடுதிக்கே போன் பண்ணிப் பேசுங்கள், ஹீட்டரையும் அதன் குழாயையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக வைத்திருப்பவர் சந்தோஷமாக அனுப்புவார், மழுப்புகிறவரிடம் தங்காமல் இருப்பது நல்லது. அதோடு, பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று ஆன்லைனில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். புகை அலாரம் வேறு, அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது, பெயரைப் பார்த்து வாங்குங்கள். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தலை உயரத்தில் ஒரு மேசை மேல் வைத்தால் போதும். பனிச்சறுக்கு ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் செலவு செய்கிற குடும்பம் இதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காட்டேஜ் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், ஒவ்வொரு அறைக்கும் ஒன்று மாட்டுங்கள்.

அடுத்தது, எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பது. பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட ராத்திரி எங்கே தூங்குகிறோம் என்பதுதான், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற மலைநோய்க்கு முக்கியம். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போது பலருக்கு முதல் ராத்திரியே தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை வரும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது, இங்கேயே இருப்பவர்களுக்குக் குல்மார்க் பெரிய ஏற்றம் இல்லை. கூட வருகிற சென்னை மாமா, மதுரைச் சித்திதான் கவனிக்கப்பட வேண்டியவர்கள். காலையில் சென்னையில் விமானம் ஏறி, ஸ்ரீநகரில் இறங்கி, அன்றைக்கே குல்மார்க்கில் படுப்பதைவிட, முதல் ராத்திரி கீழே தங்மார்க்கிலோ ஸ்ரீநகரிலோ தங்கிவிட்டுப் போனால் அவர்களுக்கு நிம்மதி. தங்மார்க்கிலிருந்து 13 கிலோமீட்டர்தான், ஆனால் பனி விழுந்த நாளில் சக்கரத்தில் சங்கிலி போட்ட வண்டி வேண்டியிருக்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். குல்மார்க் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டி அஃபர்வாத் மலை வரை போகும், வந்த முதல் நாளே அங்கே ஏற வேண்டாம். மணாலியில் தங்கி சோலாங்கில் சறுக்குகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, மணாலி ஊட்டியைவிடத் தாழ்வு. உத்தராகண்டில் சறுக்க ஆவ்லி போகிறவர்களில் சிலர் கீழே ஜோஷிமத்தில் அறை எடுப்பார்கள். உயரம் என்று பார்த்தால் நல்ல முடிவு, ஆனால் 2023 ஜனவரியில் அங்கே நிலம் அமிழ்ந்து நிறைய கட்டடங்களில் விரிசல் விழுந்தது, அங்கிருந்து ஆவ்லிக்குப் போகிற ரோப்வேயும் அப்போது நிறுத்தப்பட்டது. விடுதி எந்தப் பகுதியில் இருக்கிறது, மேலே போக என்ன வழி என்று தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள்.

முதல் இரண்டு ராத்திரி மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். மலைநோய்க்கான மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். சறுக்குகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடப்பது கஷ்டம் என்பதால் விடுதி சரிவுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. நனைந்த கையுறையையும் காலுறையையும் ஹீட்டர் மேல் போட்டு உலர்த்துகிற பழக்கம் மட்டும் வேண்டாம், அதற்கென்று தனி அறை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது ஒரு சிக்கல். மலைநோய்க்கும் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், கார்பன் மோனாக்சைடுக்கும் அதேதான். "ஹைட் சிக்னஸ், படுத்தா சரியாயிடும்" என்று சொல்லி ஒருவரை அதே அறையில் படுக்கவைப்பதைவிட ஆபத்தானது எதுவும் இல்லை. அறையில் இருக்கிற எல்லோருக்கும், உயரத்துக்குப் பழகியவர்களுக்கும்கூட, ஒரே நேரத்தில் வந்தாலோ, வெளியே போனால் குறைந்து உள்ளே வந்தால் கூடினாலோ அறையைச் சந்தேகியுங்கள். எது என்று தெரியாவிட்டாலும் வாயு என்றே வைத்துக்கொண்டு முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்தாலும் சரி. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, 108க்கோ 112க்கோ அழையுங்கள். யாராவது மயங்கியிருந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், உள்ளே வைத்து எழுப்பிப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று தைரியம் கொள்ள வேண்டாம். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜனையும் இந்த வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் ஆக்சிஜன் என்றே எண்ணும். வெறும் காற்றை மட்டும் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும், மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் முகமூடி வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே உடம்பு சரியானது போலத் தோன்றினாலும் போங்கள். போனதும் அங்கே இருக்கிற மருத்துவரிடம், சாப்பிட்டதைச் சொல்லும் முன், "அறைக்குள்ளே அடுப்பு எரிந்தது, கதவு மூடியிருந்தது, இத்தனை பேருக்கு ஒரே மாதிரி இருக்கிறது" என்று சொல்லுங்கள்.