யார் யாரை விழுங்குவது?

“‘கமலா தூங்கினாள்’ என்பதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அதைப் படிக்க ஒரு மென்பொருள் வேண்டுமா?” என்று லாம்டா கால்குலேட்டர் என்ற பயிற்சி மென்பொருளைப் பற்றிக் கேட்கிறார் ஒரு வாசகர். தெரிவது வேறு, எப்படித் தெரிகிறது என்று காட்டுவது வேறு. இதுவரை காதில் விழாத வாக்கியமும் புரிகிறது என்றால், சொற்பொருள்களைச் சேர்க்கும் விதி ஏதோ இருந்தாக வேண்டும். அதைக் கணிதமாகவே எழுதலாம் என்று 1970இல் அடித்துச் சொன்னார் கலிஃபோர்னியாவின் தருக்கவியலாளர் ரிச்சர்ட் மாண்டேகு. அதற்கான கருவி, கணிதவியலாளர் அலோன்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய லாம்டா கால்குலஸ்: ஒன்றை வாங்கி இன்னொன்றைத் தரும் சார்புகளை எழுதிக் கணக்கிடும் குறியீட்டு முறை.

இதை மாணவர்களுக்குப் பழக்க, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லூகாஸ் ஷாம்போலியன், ஜோஷுவா டாபரர், மரிபெல் ரொமேரோ ஆகியோர் உருவாக்கிய இலவச மென்பொருள்தான் இந்த லாம்டா கால்குலேட்டர். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்டும் வாக்கியக் கிளைப்படத்தில் மாணவர் கீழிருந்து மேலே ஏறி, ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது? என்னை மயக்குவது இந்த இடம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகை உண்டு. ஆட்கள் ஒரு வகை. உண்மை, பொய் இன்னொரு வகை. ‘தூங்கினாள்’ இரண்டும் அல்ல. ஓர் ஆளை வாங்கிக்கொண்டு உண்மையா பொய்யா என்று திருப்பித் தரும் சார்பு அது. ‘கமலா’வை விழுங்குகிறது; விடை வருகிறது.

சரி, ‘ஒவ்வொரு குழந்தையும் தூங்கியது’ என்றால்? ‘ஒவ்வொரு குழந்தை’ என்று யாரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. விழுங்க ஆளே இல்லை! கணக்கு நிற்காது, திசை திரும்பும். ‘ஒவ்வொரு குழந்தையும்’ என்பதே இப்போது சார்பாகி வினையை விழுங்குகிறது. குழந்தைகள் அனைவருக்கும் அந்த வினை பொருந்துகிறதா என்று சோதிக்கிறது. யார் யாரை விழுங்குவது என்பதை வகைதான் தீர்மானிக்கிறது, சொல்வரிசை அல்ல. ஆகவே வினையைக் கடைசியில் வைக்கும் தமிழுக்கும் இதே விதிதான்.

வகை பொருந்தாதவற்றை ஒட்டப் பார்த்தால் மென்பொருள் மறிக்கும். மாறிகளின், அதாவது ஆட்களுக்குப் பதிலாக நிற்கும் x, y போன்ற எழுத்துகளின், பெயர் மோதினால் வேறொரு வம்பு: ‘யாரோ ஒருவர் அவரை நேசிக்கிறார்’ என்பது ‘யாரோ ஒருவர் தம்மையே நேசிக்கிறார்’ ஆகிவிடும். காகிதத்தில் செய்திருந்தால், திருத்திய விடைத்தாள் வந்த பிறகுதான் இது தெரியும். இங்கே அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

மொழியின் தொன்மையைக் கொண்டாடும் மேடைகளுக்குச் செலவிடுவதில் ஒரு துளியை இந்த மென்பொருளுக்குத் தமிழ்ப் பயிற்சிகள் எழுதக் கொடுக்கலாம். ‘கமலாவும் தூங்கினாள்’, ‘யாரும் தூங்கவில்லை’, ‘ஒவ்வொருவரும் தூங்கினர்’: இம்மூன்றிலும் அந்த ‘உம்’ எதை வாங்கி எதைத் தருகிறது என்று ஒரு பருவம் முழுக்கக் கணக்குப் போடலாம்.